மணலுக்கு வாங்கிய கழி

கார்த்திகை 9, திங்கள்

வாடைக்காற்று. கடல் கொந்தளிப்பு. இன்றைக்கும் ஒரு கட்டுமரம்கூட இறங்கவில்லை. ஆம்பிளைகள் சீட்டாட்டம். எனக்கு மீன்காரி என்று பேர், கூடையில் செதில்கூட இல்லை.

கரையோரமாகவே காலா மீன் மேய்கிறது. அலைக்குள் முதுகு தெரிகிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமாம். பொம்பளை வலையைத் தொடக்கூடாது, மரத்தில் ஏறக்கூடாது. சரி. தூண்டில் கழியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

வீட்டுக்காரரிடம் (இனி வீ.கா.) சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்து, "குட்டையா ஒண்ணு வாங்கிக்கோ. பாறைக்குப் பின்னால குந்திகினு போடு. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஏன், நான் இன்னா சாராயமா காச்சப் போறேன்?"

கார். 10, செவ்வாய்

தூறல். பஸ்ஸில் செங்கல்பட்டு. மூங்கில் கடைக்காரர் நிமிராமலே, "பந்தலுக்கா, பாடைக்கா?"

"பந்தல் எப்பவோ போட்டாச்சு. பாடைக்கு வூட்டுக்காரரு இன்னும் ரெடியாவல. மீனு புடிக்கணும்."

அப்புறம்தான் நிமிர்ந்தார்.

பார்த்தவை:
– குட்டை. ஆள் உயரம், தடிமன். பாறைக்கும் கல்லுக்கட்டுக்கும் நல்லது, தொங்கவிட்டுத் தூக்கினால் போதும். மணலில் நின்று வீசினால் முதல் அலையிலேயே விழும்.
– பச்சைக் கழி. அழகு. ஒரு ஆட்டு ஆட்டினேன், தலை ஆட்டம் நிற்கவே இல்லை. என் நாத்தனார் மாதிரி. வேண்டாம்.
– நீளம். ரெண்டரை ஆள். நன்றாகக் காய்ந்தது, கணு நெருக்கம். நுனியைத் தரையில் அழுத்தினால் வளைந்து உடனே நிமிர்ந்தது. தோள் வலிக்கும். ஆனால் தூண்டில் ஈயம் ரெண்டாவது அலைக்கு அப்பால் போய் விழும்.

குட்டையை ஒளித்து வைக்கலாம். நீளத்தை எங்கே ஒளிப்பது? மணலில், குப்பமே பார்க்க நிற்க வேண்டும். குட்டையை எடுத்தேன். வைத்தேன். திரும்ப எடுத்தேன்.

"பாறையா, மணலா? அத்த மொதல்ல சொல்லும்மா."

"மணல்" என்றேன். சத்தம் கொஞ்சம் பெரிசாகவே வந்தது.

திரும்பும்போது கண்டக்டர்: "கம்பம் கீது, கொடி எங்கம்மா?"

"நீ டிக்கெட்டக் குடு நைனா, கொடிய அப்பால ஏத்தலாம்."

பஸ் கூரையில் கட்டினான். திருக்கழுக்குன்றம் வரை ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கழுத்துச் சுளுக்கு.

கார். 11, புதன்

மழை விட்டுவிட்டு. கழி நுனியில் கம்பி வளையம் கட்டினேன். நைலான் நரம்பைப் பால் டப்பாவில் சுற்றி வைத்தேன். முடிச்சு தப்பு என்றார் வீ.கா. "அப்போ நீ கட்டேன்" என்றேன். கட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை.

சாயங்காலம் நாட்டார் வந்தார். குப்பத்துக்குத் தலைவர், அவர் வைத்ததுதான் சட்டம்.

"பாறையில நின்னா நாங்க கண்டுக்க மாட்டோம். மரம் கீற மணல்ல பொம்பள தூண்டி போட்டா கடலு சும்மா இருக்குமா?"

"இப்ப மட்டும் சும்மாவா கீது, நாட்டாரே? நான் இன்னும் போடவே இல்லியே."

முறைத்தார். மணலில் இறங்கினால் கரை ஏலத்தில் எனக்கு இனி மீன் கிடையாதாம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பயம்தான். எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். ஏலத்தில் மீன் இல்லை என்றால் நான் மீன்காரி இல்லை. அடுப்பு என் கூடையால்தான் எரிகிறது.

கழியை வெட்டிக் குட்டையாக்கினால் தீர்ந்தது. வீ.கா. அரிவாளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

அதை எடுத்துத் தேங்காய் உடைத்தேன். சட்னி நன்றாக வந்தது.

கார். 12, வியாழன்

வெயில், காற்று. விடிந்ததும் மணல். புடவையை வாரிச் செருகி, இடுப்பளவு தண்ணீரில். இரைக்கு இறால். முதல் வீச்சு என் கொண்டையிலேயே மாட்டியது.

கரையில் சீட்டுக்காரர்கள்: "மச்சான், பெரிய மீனா மாட்டிகிச்சுடா!"

"ஒங்க அண்ணிதாண்டா அது! தூக்க முடிஞ்சா தூக்கு!" என்றேன்.

அடுத்த வீச்சில் பாசி. அதற்கும் சிரிப்பு. நாட்டார் வந்து கைகட்டி நின்றார். ஏறி வா என்று கையை ஆட்டினார். நான் கழியை ஆட்டினேன். ஈயம் ரெண்டாவது அலையைத் தாண்டி விழுந்தது.

இழுத்தது. கழி வளைந்தது, ஒடியவில்லை. பின்பக்கமாகவே நடந்து கரைக்குக் கொண்டுவந்தேன். காலா. தொடை நீளம். சீட்டாட்டம் நின்றுவிட்டது.

"இத்த ஏலத்துல வெக்கக் கூடாது" என்றார் நாட்டார்.

"ஒங்க ஏலத்துல யாரு வெச்சா? நானே ஏலம் போடறேன், இங்கியே. மொதல்ல நீங்க கேளுங்க. வூட்ல அக்கா கொயம்புக்கு மீனு இல்லாம குந்தினு கீறாங்க."

அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மீன் வால் அடித்தது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வீ.கா.: "ரெண்டு ரூபா!"

சொந்தப் பெண்டாட்டி மீனுக்கு! சட்டையே போடாத மனுஷன், பணம் எங்கிருந்து வரும்?

"ரெண்டு ரூபா, ஒரு தரம்" என்றேன், நாட்டார் முகத்தைப் பார்த்து.