மனப்பாடத்தில் தேறிய கண்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் முழு நலம், உன் அப்பா முக்கால் நலம், மிச்சம் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

அப்பாவின் நெற்றியில் வந்த அக்கி காய்ந்து உதிர்ந்துவிட்டது. நாலாம் நாளே "எரிச்சல் போச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று முரண்டு பிடித்தவரை நீதான் போனில் வழிக்குக் கொண்டுவந்தாய். எரிச்சல் போனாலும் வைரஸ் உடம்பின் செல்லுக்குள், அதன் உள்ளறையில் உட்கார்ந்து, தனக்கு வேண்டிய சரக்குக்குச் சீட்டுகளை எழுதிக்கொண்டே இருக்கும், வெட்டி ஒட்டிய அடையாளம் உள்ள சீட்டைத்தான் செல் சுலபமாக வெளியே விடும், வைரஸின் சீட்டில் பெரும்பாலும் அது இருக்காது, அதனால் அதன் புரதம் ஒன்று கூடவே வந்து வாசலைத் தாண்டவைக்கும், வெளியே வந்ததும் சீட்டைப் படித்துச் சரக்குச் செய்யும் இடத்தில் வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் என்றாய். அவருக்கு என்ன புரிந்ததோ, மாத்திரையை மட்டும் விழுங்கினார். பதினெட்டு வருஷமாகத் தொழிற்சாலை கேட்டில் பாஸ் பார்க்கிற எனக்கு நன்றாகவே புரிந்தது. முத்திரை இல்லாத சீட்டுக்காரன் தோளில் கைபோட்டு, "நம்ம ஆளுதாம்மா, விடுங்க" என்று கூட்டிப்போகிற சூப்பர்வைசரை நான் பார்க்காததா. அந்தப் புரதத்தைப் பிடிக்கத்தான் என் மகள் நாலு வருஷமாக அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் கிடக்கிறாள் என்று கேண்டீனில் சொன்னேன், என் மதிப்பே ஏறிவிட்டது.

அக்கி நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கி அவருடைய வலது கண் மங்கியதும், நீ சோதனையைப் பாதியில் விட்டு அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாய். அவர் என்னைத் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துப்போய், இடது கண்ணை மூடிக்கொண்டு, கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். "அவள வரவேணாம்னு எழுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் அந்தப் பலகையைக் காட்டுகிறவர், இரண்டு கண்ணை மூடினாலும் ஒப்பிப்பார். கேட்டால், "ஒப்பிச்சாலும் எழுத்து சரிதானே" என்கிறார். என் கண் முன்னாலேயே முத்திரை இல்லாத சீட்டு கேட்டைத் தாண்டிவிட்டது. அன்று குளியலறையில் போய் அழுதேன்.

சொட்டு மருந்து போட்டுப் பத்து நாள் ஆகிறது. மங்கல் விலகுகிறது என்று டாக்டர் நேற்றுச் சொன்னார். ஆனாலும் இந்த மனிதரை நம்பி உன்னை நிறுத்த எனக்கு மனமில்லை. அதனால் இதை அவர் பார்க்காமல் எழுதுகிறேன். முடித்ததும் அவர் இடது கண்ணை என் கையாலேயே பொத்திப் படிக்கச் சொல்வேன், இது அவருக்கு மனப்பாடம் இல்லை. படித்துவிட்டால் கீழே அவர் கையெழுத்து இருக்கும், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேலையைப் பார். கீழே காலியாக இருந்தால் கிளம்பி வா.

அந்தப் புரதம் சீக்கிரம் உன் கையில் சிக்கட்டும், நல்லா இரு. போர்வையை வெயிலில் போட மறக்காதே.

கேட்டை விட்டு நகராத,
உன் அம்மா

மகளே, உன் அம்மா அழுத்திப் பொத்தியதில் இடது கண்தான் இப்போது வலிக்கிறது. முழுவதும் படித்தேன். இருபத்தாறு இல்லை, இருபத்தேழு வருஷம். நீ வேலையை முடித்துவிட்டே வா. அவள் அழுதது இதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.
அப்பா