பெரியவனின் உடல்

மார்ச் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே படி. நம் பெரியவனுக்குத் திங்களன்று மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். நேற்று அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனபோதுதான் எனக்கே தெரியும். உடலைக் கேட்டேன். "மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தாச்சும்மா. அவரே சம்மதிச்சுட்டார்" என்கிறார் அதிகாரி. போன மாதம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, என்னை அம்மா பக்கத்துலயே புதைச்சிடு" என்றவன் எப்படிச் சம்மதிப்பான்? நீ டாக்டர். இப்படியும் செய்வார்களா?

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் போய்விட்டான் என்பது மனதில் ஏறவே மாட்டேன் என்கிறது. சம்மதம் இல்லாமல் உடலைத் தொடக் கூடாது, அதுதான் முறை. ஆனால் நீ அங்கே போய் நிற்காதே. அத்தானின் அரசாங்க வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்கள். எனக்கும் விசா புதுப்பிக்கிற நேரம். அவனுக்கு இனி வலிக்காது அக்கா, விட்டுவிடு. கடிதங்களைப் பிரிக்கிறார்களாம், பார்த்து எழுது.

சின்னவன்

மார்ச் 27

சின்னவனுக்கு,

உன் கடிதம் ஓரம் கிழிந்துதான் வந்தது. படிக்கிறவர்கள் படிக்கட்டும். கல்லூரிக்குப் போனேன். அத்தான் பாவம், பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அவரோட கிட்னியால ரெண்டு பேர் பிழைச்சிருக்காங்க, சந்தோஷப்படுங்க" என்றார் ஒரு டாக்டர். பிழைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். "உயிரை எடுக்கத்தானே சார் தீர்ப்பு? உடம்பை எடுக்க எந்தக் கோர்ட் சொல்லிச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மிச்சத்தையாவது மனுப் போட்டு வாங்கலாம் என்கிறார் வக்கீலம்மா. நாம் இருவரும் கையெழுத்திட்டால் பலமாம். இத்துடன் மனுத் தாளை வைத்திருக்கிறேன், கையெழுத்திட்டு உடனே அனுப்பு. தாமதித்தால் மாணவர்கள் அறுத்துப் படிக்கிற வகுப்புக்கு அவனை எடுத்துவிடுவார்கள்.

அக்கா

மே 9

தம்பிக்கு,

இதை அங்கே வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், யாரும் பிரிக்க மாட்டார்கள். உன் பதிலுக்காகத் தபால்காரரைத் துளைத்தெடுத்தேன். "ரிஜிஸ்தர் தபால்தானே, போய்ச் சேர்ந்திடுச்சும்மா, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க" என்றார். பிறகு நான் மட்டும் கையெழுத்திட்டேன்.

போன வியாழன் பெரியவனைத் தந்தார்கள். ஆணியடித்த பெட்டி. "திறக்காதீங்க" என்றார்கள். திறந்தேன். முகம் அவன்தான். கழுத்துக்குக் கீழே சாக்குமூட்டை மாதிரி தைத்திருந்தார்கள். நானே கழுவிவிட்டேன். அம்மா பக்கத்தில் வைத்தாயிற்று. கேட்டவர்களிடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன்.

மனுவில், கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தது. நான் ஒருத்திதான் என்று எழுதிவிட்டேன். இனி உன்னை யாரும் தேட மாட்டார்கள். பயப்படாமல் இரு.

அக்கா