மணல்மூட்டையின் எடை

மார்ச் 3, திங்கள்

உயிரைப் பணயம் வைக்கிற டிவி நிகழ்ச்சி தொடரலாமா, கூடாதா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத்தான் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் இயக்குநர், பதின்மூன்றாம் தேதிக் கூட்டத்துக்கு. நான் பாதுகாப்பு அதிகாரி. என் கையெழுத்து இல்லாமல் கேமரா ஓடாது.

தொகுப்பாளர் கம்பியில் தொங்கிச் சறுக்கி வரும்போது, கம்பி கணக்குக்கு மேல் தாழ்ந்து, இறங்கும் மேடையின் விளிம்பில் மோதினார். மூன்று வாரமாக மருத்துவமனை. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. தலை தப்பியது மயிரிழையில். அவர் எடைக்கு மணல்மூட்டை கட்டி முன்னதாக மூன்று முறை விட்டுப் பார்த்திருந்தோம். மூட்டை பூப்போல வந்து இறங்கியது.

"வேண்டாம்னு எழுதித் தள்ளு, விட்டுது சனி" என்கிறார் வீட்டுக்காரர். வாராவாரம் அதை வாய் பிளந்து பார்ப்பவர்!

மார்ச் 5

நான்காவது முறையாகக் கணக்குப் போட்டேன். சரியாகவே வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

"வாங்க, 'வேண்டாம்' அக்கா!" கட்டுப் போட்ட கால் அந்தரத்தில் தொங்க, தொகுப்பாளர் சிரித்தார். ஆறு வருடமாகப் படப்பிடிப்பில் எனக்கு அதுதான் பெயர். "ஷோவை மூடிடாதீங்கக்கா. கால்தான் உடைஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான் இருக்கு."

கட்டில் முனையில் மாட்டியிருந்த அட்டையைச் சும்மா படித்தேன். எடை: 86.

"எங்கிட்ட எழுபத்துநாலுன்னு சொன்னீங்களே?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் மனைவி ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தவில்லை. "அது எங்க கல்யாணத்தப்போ இருந்த எடைக்கா."

பன்னிரண்டு கிலோ! அடப்பாவி, தொப்பையை மறைக்கப் போய்க் காலை உடைச்சுக்கிட்டியே! திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது.

பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. தராசில் ஏற்றாமல் வாயால் கேட்டு எழுதிக்கொண்டது யார்? யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற நான், ஒரு ஆண்பிள்ளை சொன்ன எடையை ஆறு வருடம் நம்பியிருக்கிறேன்.

மார்ச் 12

எழுதிவிட்டேன். என் தவறு முதல் வரியில். வேலை போனாலும் போகும்.

"நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா உன் தப்பு வெளியவே வந்திருக்காதே?" என்றார் வீட்டுக்காரர்.

வந்திருக்காது. அதனால்தான் அப்படி எழுதவில்லை.

நாளை என்ன ஆகும்? அதுவும் தெரியாது.

மார்ச் 13

நடந்தது இதுதான்.

இயக்குநர் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஷோ?"

வீட்டிலிருந்து தூக்கிப்போன தராசைத் தரையில் வைத்தேன். "முதல்ல எல்லாரும் ஏறுங்க."

கேமராக்காரர் பாதுகாப்புப் படிவத்தில் ஒன்பது கிலோ குறைத்து எழுதியிருந்தார். ஒளியமைப்பாளர் ஐந்து. இயக்குநர் செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், கைக்கடிகாரத்தையும் கழற்றினார். "சட்டையும் கழட்டணுமா சார்?" என்று யாரோ கேட்க, அறையே அதிர்ந்தது. பதினொன்று.

இரண்டு மாதம் படப்பிடிப்பு இல்லை. எல்லாக் கம்பியும் மறுபடி சோதனை. அதன்பின் தொடரலாம் — எடை மட்டும் என் கண்முன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, வேலை இருக்கிறது.

எல்லாரும் போனபின் நானும் ஏறினேன். என் படிவத்தில் இருந்த எண்ணை அடித்து, ஆறு கூட்டி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.