கழுவிய தோல், கழுவாத தோல்

20 அக்டோபர் 2003, திங்கள்

மாவட்ட அறிவியல் போட்டிக்கு எங்கள் பதினொன்றாம் வகுப்பிலிருந்து நானும் அஃப்ஷாவும். டிசம்பர் 13, வேலூரில். நுண்ணுயிர்களைப் பற்றிச் செய்யச் சொல்லியிருக்கிறார் ஜெயபுஷ்பம் மிஸ். "ஆம்பூர்ல கிருமிக்கா பஞ்சம்?" என்றார். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். முதலிடம் வந்தால் மாநிலப் போட்டி, சென்னை. நான் போயே ஆக வேண்டும்.

22 அக்டோபர்

சாப்பிடும்போது அப்பா ஒரே புலம்பல். "உப்பு போட்டு அடுக்கின தோலு பூரா செவந்து கெடக்குது. சூப்பர்வைசர் என்னைப் புடிச்சி கத்துறான். நான் இன்னா பண்ணுவேன்?"

பள்ளி நூலகத்தின் தடிப் புத்தகத்தில் தேடினேன். இருக்கிறது! உப்புத் தோலில் சிவப்பாகப் படிவது ஒரு நுண்ணுயிர். உப்பு அதிகம் இருந்தால்தான் உயிரோடு இருக்குமாம். என்ன பிறவியோ. அதை வளர்த்துக் காட்டுவதுதான் எங்கள் ஆய்வு.

ஒரே சங்கடம். வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் தோல் தொழிலில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆபீஸ், ஷூ கம்பெனி, ஏற்றுமதி. தோல் பதனிடும் டேனரியில், உரித்து வந்த பச்சைத் தோலுக்கு உப்பு போடுவது என் அப்பா மட்டும். அது அஃப்ஷாவுக்கு மட்டும் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்தாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "பிரைவேட் கம்பெனி" என்றுதான் சொல்கிறேன்.

2 நவம்பர், ஞாயிறு

அஃப்ஷா வீட்டில் கிருமிக்குச் சமையல். ரம்ஜானுக்கு வாங்கி வைத்த, ஜெல்லி மாதிரி இறுகும் கடல்பாசியில் பாதியை அவள் அம்மா பில்கிஸ் ஆன்ட்டி எங்களுக்குத் தந்துவிட்டார். எலும்பு வேகவைத்த தண்ணீர், கடல்பாசி, கை கையாக உப்பு. உப்பு ஜாஸ்தி என்பதால் முதல் தடவை இறுகவே இல்லை. மறுபடி காய்ச்சினோம். பள்ளியின் ஆறு கண்ணாடித் தட்டுகளையும் குக்கரில் வைத்து அவித்தோம்.

"நோன்பு இல்லன்னா கூட இதை நாக்குல வெக்க மாட்டேன்மா," என்றார் ஆன்ட்டி. நோன்பு வயிற்றோடு மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றார். இந்த வீட்டுக்கு நான் என்ன செய்து தீர்க்கப் போகிறேன்!

3 நவம்பர்

அப்பா உள்ளங்கை அகலத் தோல் துண்டு ஒன்றை பாலிதீன் கவரில் கொண்டுவந்தார். மேலே சிவப்புத் திட்டு. ஐயோ, அந்த நாற்றம்! இதையா பஸ்ஸில் எடுத்துப் போவது? பம்ப் தண்ணீரில் மூன்று தடவை அலசி, டெட்டாலில் ஊறப்போட்டு, மறுபடி அலசினேன். கவரை வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் எறிந்தேன்.

4 நவம்பர்

"பரவாயில்லையே, வாசனையே இல்ல," என்றார் மிஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோலைத் தட்டுகளில் தேய்த்து, நாற்பது வாட்ஸ் பல்பு எரியும் மரப்பெட்டிக்குள் வைத்தோம். சூட்டில் வளருமாம்.

15 நவம்பர்

ஒன்றும் இல்லை.

20 நவம்பர்

ஒன்றுமே இல்லை. ஆறு தட்டும் துடைத்துவிட்ட மாதிரி. போட்டிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். வேறு தலைப்பு பார்க்கலாமா என்கிறார் மிஸ். அஃப்ஷா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் பேஜாராக இருக்கிறது.

23 நவம்பர், ஞாயிறு

வெந்நீர் அடுப்பில் சாம்பல் அள்ளப் போனேன். பின்னால் அந்தக் கவர். உள்ளே ஒட்டியிருந்த ஈர உப்பெல்லாம் ரோஜா நிறம்!

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கழுவாதது வளர்ந்திருக்கிறது. கழுவியது செத்துவிட்டது. கொன்றது யார்? நான்தானே. எதற்காக? அப்பாவின் வேலை நாற்றம் என் மேல் வீசக்கூடாது என்று. சீ! இன்னாடி பொண்ணு நீ?

24 நவம்பர்

அஃப்ஷாவிடம் சொல்லிவிட்டேன்.

"லூசாடி நீ? எங்க அத்தா கடையில கூட தோலுதான்டி விக்கிறாரு," என்றாள். பிறகு யோசித்தாள். "தண்ணி கொன்னுச்சா, டெட்டால் கொன்னுச்சா? அதையும் பாத்துடலாம்."

காலையிலேயே அப்பாவிடம் இன்னொரு துண்டு கேட்டிருந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். கழுவாததற்கு இரண்டு தட்டு, தண்ணீரில் மட்டும் அலசியதற்கு இரண்டு, டெட்டால் போட்டதற்கு இரண்டு. இனி கர்த்தர் விட்ட வழி.

26 நவம்பர்

ரம்ஜான் பெருநாள். ஆன்ட்டி பிரியாணி அனுப்பினார். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

7 டிசம்பர், ஞாயிறு

வந்துவிட்டது! பள்ளி வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பெட்டியைத் திறந்தோம். கழுவாத தட்டு இரண்டிலும் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். மற்ற நான்கும் காலி. டெட்டால் தேவையே இல்லை, வெறும் தண்ணீரே கொன்றுவிடுகிறது! அஃப்ஷா கத்தினாள், நான் அழுதேன். ஸ்தோத்திரம்.

12 டிசம்பர்

நாளை நடுவர், தோலை ஏன் கழுவிப் பார்த்தீர்கள் என்று கேட்பார். "ஒப்பிட்டுப் பாக்கத்தான் கழுவினோம்னு சொல்லிடு, பெருசா தெரியும்," என்கிறாள் அஃப்ஷா. சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

13 டிசம்பர்

கேட்டார். நடுவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சுற்றிலும் நாற்பது பேர், பின்னால் பார்க்க வந்திருந்த என் வகுப்பு.

ஒப்பிட்டு, என்று ஆரம்பித்தேன். பாதியில் விட்டேன். பிறகு மளமளவென்று சொல்லிவிட்டேன்: "எங்க அப்பா டேனரியில பச்சைத் தோலுக்கு உப்பு போடுறாரு மேடம். நாத்தத்துக்கு வெக்கப்பட்டு நான்தான் முதல்ல கழுவிட்டேன். எல்லாம் செத்துப்போச்சு. அப்புறம்தான் திரும்பக் கழுவிப் பாத்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினார்.

இரண்டாம் இடம். முதலிடம் குடியாத்தம். சென்னை இல்லை. பஸ்ஸில் வாலாஜா தாண்டும் வரை... இல்லை, வாலாஜா வேறு திசை. அழுததில் ஊரே தெரியவில்லை. அஃப்ஷா என் கையை விடவே இல்லை.

14 டிசம்பர்

நான் சொன்னதை மிஸ் சர்ச்சில் அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டார். கழுவினதையும் சேர்த்து. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நானே கழுவாம உள்ள வரமாட்டேனே, உன்னை இன்னா சொல்றது," என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

22 டிசம்பர், திங்கள்

அப்பாவோடு வேலை செய்யும் சத்தார் பாய் காலையில் வந்தார். கையில் பேப்பரில் மடித்த உப்பு. "பாப்பா, இந்த மூட்டை உப்புலதான் அந்தச் செவப்பு வருதுன்னு எனக்கு டவுட்டு. பாத்து சொல்றியா? உங்கப்பா மேல பழி போடறது நிக்கட்டும்."

சாயங்காலத்துக்குள் இன்னும் எட்டுப் பேர். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எந்த மூட்டை என்று அப்பா பென்சிலால் எழுதி, ஜன்னலோரம் வரிசையாக அடுக்கியிருக்கிறார். ஒன்பது பொட்டலம். பள்ளியில் இருப்பது ஆறு தட்டு. நாளை மிஸ்ஸிடம் இன்னும் மூன்று கேட்க வேண்டும். யாருக்கு என்று கேட்பார். எங்க அப்பா டேனரிக்கு, மிஸ்.