பொறுக்கிப் போட்ட கேப்சூல்

அத்தை, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளி ஆய்வகத்தின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். காயம் கட்டும் புதுக் காஸ் துணியின் வாசம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்து வரும்போது உங்கள் முடியில் ஒட்டியிருக்குமே, அதே வாசம்.

நாள் முழுக்கத் துணி மடித்துத் தோள்பட்டை கழன்றுவிடும் உங்களுக்கு. மருந்துக்கடையில் ‘ஒரு செட்டு’ வாங்க என்னைத்தான் அனுப்புவீர்கள். பொட்டலத்தில் இரண்டு வலி மாத்திரையும் வயிற்றுக்கு ஒரு கேப்சூலும் இருக்கும்.

“ஏட்டி, வலி தோள்லதான இருக்கு? வயித்துக்கு எதுக்கு? அதைப் பொறுக்கிப் போட்டுரு.”

“கடைக்காரர் முக்கியம்னு சொன்னாரே அத்தை.”

“நீ டாக்டரானதும் சொல்லு, கேக்கேன்.”

சிரித்துக்கொண்டே பொறுக்கிப் போட்டேன். கோடை முழுவதும் அப்படித்தான். வயிறு எரிந்தபோது சூடு என்று மோர் குடித்தீர்கள். மலம் கறுப்பாகப் போனபோது கருப்பட்டிக் காப்பியைக் குறை சொன்னீர்கள். ஒரு காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் தலைப்பு வெள்ளணுக்கள். ‘உடலின் காவலர்கள்’ என்று அட்டையில் எழுதிய பிறகுதான் உயிரியல் டீச்சரிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். வலி மாத்திரை வயிற்றுச் சுவரின் காப்பைக் குறைத்துவிடுமாம். வெள்ளணுக்கள் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் கூடி ஒட்டிக்கொண்டு, கிருமிக்காக வைத்திருக்கும் நச்சை நம் சுவரிலேயே கொட்டுமாம். அமிலம் அந்தப் புண்ணை இன்னும் ஆழமாக்கும். அமிலத்தைக் குறைக்கத்தான் அந்தக் கேப்சூல்.

“அங்க கிருமியே இல்லையே டீச்சர்?”

“அதுகளுக்குத் தெரியாதும்மா. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, ஓடி வந்துருச்சுக.”

இன்று மாலை அப்பா வந்தார். டீச்சர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்த என் அட்டையை இரண்டு முறை படித்தார்.

“வலி மாத்திரையோட வயித்துக்கும் ஒண்ணு குடுக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கம்மா. அந்தக் கடைக்காரன் குடுக்கல. என் தங்கச்சியக் கொன்னுட்டான். இப்பப் போற வழியில சட்டையப் பிடிச்சுக் கேக்கப் போறேன்.”

வாயைத் திறந்தேன். “சாமான எடுத்து வச்சுட்டு வாரேம்பா” என்றுதான் வந்தது.

அவர் வாசலில் வண்டியோடு நிற்கிறார். இந்த அறைக்கு வேறு கதவு இல்லை. சொல்ல வேண்டியதை உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்: ‘அவர் குடுத்தாருப்பா. நான்தான் பொறுக்கிப் போட்டேன்.’ கடை வருவதற்குள், வண்டியின் பின்னால் அப்பாவின் முதுகைப் பார்த்தபடி, இதைச் சொல்லியாக வேண்டும். இதைத் தவிர என்னிடம் இப்போது எதுவும் இல்லை, அத்தை.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.