தலைகீழ் சோதனை அதிகாரி

ஜூன் 3

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. அக்காவின் கத்திப் பட்டறையில் தலைகீழ் சோதனை அதிகாரியாக நானே நீடிக்கிறேன். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் வரிசையில் வரவும், தள்ளுமுள்ளு வேண்டாம்.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. வேலை என்றால், அக்கா முடித்துத் தரும் கத்தியை அதன் பிளாஸ்டிக் உறையில் செருகி, கவிழ்த்துப் பிடித்து, தோள் வலிக்கக் குலுக்குவது. இதுவரை என் கையில் ஒரு கத்தி கூட விழுந்ததில்லை. சாதனை!

ஜூன் 5

“டாக்டிகல் கத்தின்னா என்னக்கா? கறுப்புச் சாயம் பூசி விலையை ஏத்துறதா?”

அக்கா அரத்தை நிறுத்தவே இல்லை. “கறுப்பு, மினுங்கக் கூடாதுன்னு. இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடுது, நெம்புனா ஒடியக் கூடாதுன்னு. ஆனா பாதி வேலை உறையிலதான்டா. பார்க்காமலே ஒரு கையால எடுக்க வரணும். எடுக்காதப்போ ஆளே குப்புற விழுந்தாலும் அது விழக் கூடாது. இல்லேன்னா அதுவும் வெங்காயம் வெட்டுற கத்திதான்.”

இப்போது செய்வது, ஆற்றில் மூழ்கியவர்களைத் தேடி இறங்கும் மீட்புப் படைக்காரருக்கு. நான் வைத்த பெயர் தவளையண்ணன். நெஞ்சுப் பட்டையில் பிடி கீழே பார்க்கும்படி தலைகீழாக மாட்டிக்கொள்வாராம்.

ஜூன் 8

யார் வாங்க வந்தாலும் அக்கா ஒரு வித்தை காட்டுவாள். ரப்பர் விரிப்புக்கு மேலே உறையைக் கவிழ்த்து உதறி, “விழுதா பாருங்க” என்பாள். பெருமை தாங்காது.

இன்று தவளையண்ணனுக்கான உறையின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, கத்தியை இறுக்கிப் பிடிக்க இடையில் இருந்த ரப்பர் வளையங்களை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, திருகாணிகளை மட்டும் திரும்ப மாட்டினேன். நாளை தவளையண்ணன் முன்னால் ‘தொப்’! அக்கா முகத்தை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஜூன் 9

அக்காவுக்குக் காய்ச்சல். “நீயே குடுத்துடுடா,” என்று போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்.

தவளையண்ணன் ஓட்டமாக வந்தார். ஆற்றில் வெள்ளம், வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

“குலுக்கிப் பார்த்தாச்சா தம்பி?”

“என் கையாலதாண்ணே. பூமியே கவுந்தாலும் விழாது.”

வளையங்கள் பாக்கெட்டில்தான் இருந்தன. ஒரு நிமிட வேலை. சொன்னால் மானம் போகும் என்று இளித்துக்கொண்டு நின்றேன், மடையன்! அவர் கத்தியை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

ஜூன் 10

மூன்று தடவை ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 11

வந்தார். கையில் வெற்று உறை. கணுக்காலில் கட்டு. தண்ணீருக்கடியில் பழைய மீன்வலை காலைச் சுற்றியிருக்கிறது. கத்திக்குக் கை போனால், கத்தி இல்லை. கூட இறங்கியவர் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால்...

திட்டவில்லை அவர். “கத்தி போனா போகுதும்மா. கை வெச்ச இடத்துல அது இல்லையே, அதைத்தான் மறக்க முடியலை.”

அக்கா உறையைத் திருப்பிப் பார்த்தாள். “வளையமே போடலைண்ணே நான். காய்ச்சல்ல கவனிக்காம விட்டிருக்கேன். என் தப்புதான்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். பாக்கெட்டில் கிடந்த வளையங்களை இறுகப் பொத்திக்கொண்டேன்.

ஜூன் 12

அக்கா கொட்டகையைப் பூட்டிவிட்டாள். “என் கையையே என்னால நம்ப முடியலை. இனி யாருக்கும் செய்ய மாட்டேன்.”

ஜூன் 13

சொல்லிவிட்டேன். வளையங்களை அக்கா உள்ளங்கையில் வைத்தேன். அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அது அறையை விட வலித்தது.

செருப்பைப் போடச் சொன்னாள். தவளையண்ணன் வீட்டுக்கு நடந்தோம். அங்கேயும் நான்தான் சொன்னேன். “அடுத்த கத்தியை நீ கொண்டு வராதே. உங்க அக்கா வரட்டும்.”

திரும்பும் வழியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். “இதுக்கு முன்னாடி போனதெல்லாம் குலுக்கிப் பார்த்துத்தானே குடுத்தே?”

எனக்குத் தெருவைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

ஜூன் 24

கொட்டகை திறந்துவிட்டது. விற்ற கத்திகளையெல்லாம் அக்கா உண்மைக் காரணத்தைச் சொல்லியே திரும்ப வரவழைக்கிறாள். குலுக்குவது நான். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. இன்று ஒன்று விரிப்பில் விழுந்தது. அக்கா தலை நிமிராமல் உறையை வாங்கிச் சூடாக்கி, அழுத்தி, திரும்ப நீட்டினாள். “மறுபடி.”

என் கையில் ஒரு கத்தி கூட விழுந்ததில்லை என்று எழுதினேன் இல்லையா? பொய் இல்லை. செருகும்போது ‘டிக்’ என்று கேட்டால் போதும், தேர்ச்சி என்று வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவேன்.

கவிழ்த்தால்தானே விழும்.