பெனிஷாவின் மேசை

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இன்றைய முகாமுக்கு டென்னிஸ் ஒரு புதுப்பெண்ணைக் கூட்டி வந்தான். பெயர் பெனிஷா. காலடிப்பேட்டையில் அவள் அப்பாவுக்கு அரிசி மண்டி. இருக்கட்டும், நமக்கென்ன.

திருவொற்றியூர் மீனவர் சங்க மாடியில் நாலு மேசை போட்டு, பழைய கம்ப்யூட்டரோடு வருகிறவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட உதவுவதை மூன்று வருஷம் முன்னால் தொடங்கியது நானும் டென்னிஸும். மாதம் ஒரு ஞாயிறு. மழையிலும் நிறுத்தியதில்லை. இவள் முதல் நாளே துப்பட்டாவை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். “நான் தொட மாட்டேன், நீங்களே அமுக்குங்க” என்கிறாள் லேப்டாப் கொண்டுவந்தவரிடம். ஒரே லேப்டாப்புக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் நான் நாலு முடித்துவிட்டேன். அடுத்த மாதம் வர மாட்டாள்.

17 ஆகஸ்ட்

முகாம் வாட்ஸப் குழுவில் மூன்று பேர் ‘பெனிஷா மேடம் வருவாங்களா’ என்று கேட்டிருக்கிறார்கள். மேடமாம்!

14 செப்டம்பர், ஞாயிறு

வந்தாள். அவள் மேசை முன்னால் ஏழு பேர் வரிசை. என் மேசை காலி. வாங்க, இங்கே சும்மாதான் இருக்கேன் என்று கூப்பிட்டேன். பரவால்லம்மா, வெயிட் பண்றோம் என்கிறார்கள்.

கத்திவாக்கத்து பட்டம்மாள்கூட அங்கேதான். இறால் வியாபாரம் பார்க்கிற அம்மா, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை வைத்திருக்கிறாள். அதற்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே நான்தான். பிறகு அது தகராறு பண்ண, மூன்று தடவை தூக்கிக்கொண்டு வந்தாள், மூன்று தடவையும் நானே சரி பண்ணினேன். இன்று கேட்டேவிட்டேன், ஏன் என்கிட்ட வரல என்று.

“நீ போட்டப்போ நான் டீ குட்ச்சிகினு இருந்தேன்மா. இந்தப் பொண்ணு என்னியப் போட வெச்சுது.”

டென்னிஸும் சேர்ந்துகொண்டான். நீ போட்டுக் கொடுக்கிற நர்மதா, அவ கத்துக் கொடுக்கிறா என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், அதுதான் ஆத்திரம்.

வயிறு எரியுது. ஆமா, பொறாமைதான். எழுதிட்டேன், போதுமா?

28 செப்டம்பர்

எண்ணூரில் மகளிர் குழுக்களுக்கு மூன்று நாள் பெரிய கம்ப்யூட்டர் பயிற்சியாம், நவம்பர் கடைசியில். பயிற்சி கொடுக்க ஒரே ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள். அக்டோபர் முகாம் முடிந்ததும் சொல்கிறேன் என்கிறான் டென்னிஸ். யோசிக்க இதில் இன்னா கீது? மூணு வருஷமா இங்க யாரு கீறது? நேத்து வந்தவளா, நானா?

கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் காலை முதல் சாயங்காலம் வரை கன்டெய்னர் நம்பர் அடிக்கிறவள் நான். அந்த ஒரு ஞாயிறுதான் எனக்கென்று இருக்கிறது. அதையும் விட்டுக் கொடுக்கணுமா?

12 அக்டோபர், ஞாயிறு

இதை எழுதியாக வேண்டும்.

செவ்வாயோடு விண்டோஸ் பத்துக்கு அப்டேட் நின்றுவிடும் என்று செய்தியில் வந்ததால் நல்ல கூட்டம். எங்கள் முறை இதுதான்: முதலில் ஆளுடைய போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் பேக்கப் டிஸ்கில் எடுத்து வைப்போம். டிஸ்கைப் பிடுங்குவோம். அப்புறம்தான் இன்ஸ்டால் அமுக்குவது. என் கையாலேயே சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மதியம் வரை ஐந்து பேருக்கு லினக்ஸ் போட்டாகிவிட்டது. அவர்களுடைய பைல்கள் இன்னும் பேக்கப் டிஸ்கில்தான், திருப்பிப் போடவில்லை. ஆறாவதாக பட்டம்மாள், மருமகளுடைய லேப்டாப்போடு, பெனிஷா மேசையில். காப்பி முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். டிஸ்கைப் பிடுங்கவில்லை. அதன் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் பார்த்தேன். எதிர் மேசையிலிருந்து நன்றாகவே பார்த்தேன்.

லேப்டாப் டிஸ்கும் ஐந்நூறு ஜிபி, பேக்கப்பும் ஐந்நூறு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், எதை அழிக்கட்டும் என்று கேட்கும். வாயைத் திறந்தேன். டென்னிஸ் அவள் பக்கத்தில் நின்று எதற்கோ சிரித்தான். மூடிக்கொண்டேன். கடைசி நிமிஷத்தில் அவளே கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் அசடு வழியட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமா அவ்வளவுதான். டீ வாங்கக் கீழே போனேன்.

திரும்பி வரும்போது பட்டம்மாள் லேப்டாப்பில் பழைய விண்டோஸே வந்து நிற்கிறது. லினக்ஸ் போய் உட்கார்ந்தது பேக்கப் டிஸ்கில். ஐந்து பேருடையதும் அழிந்தது. பட்டம்மாளுடையது மட்டும் பத்திரம்.

மகள் கல்யாண போட்டோ என்று யாசின் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரான எத்திராஜ் அண்ணன் அந்த டிஸ்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருஷம் தவறிப்போன அவர் மனைவி பேசுகிற வீடியோ ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் இதில்தான். என் தப்புதான் என்று பெனிஷா ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னாள். இல்ல, நான்தான் அமுக்குனேன் என்று பட்டம்மாள் குறுக்கே வந்தாள்.

நான் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

13 அக்டோபர்

ஆபீசுக்கு லீவு. டிஸ்க் என்னிடம்தான். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது.

18 அக்டோபர், சனி

பதினோராயிரம் போட்டோ மீண்டன, ஆனால் பெயர் தேதி எதுவும் இல்லாமல். பெனிஷா தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, முகம் பார்த்து யார் வீட்டுப் போட்டோ என்று பிரித்தாள். கல்யாணம் கிடைத்துவிட்டது. எத்திராஜ் அண்ணன் வீடியோ கிடைக்கவில்லை.

நர்மதா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று குழுவில் எல்லாரும் எழுதுகிறார்கள். டென்னிஸ் எண்ணூருக்கு என் பெயரையே கொடுத்துவிட்டான். ஆசைப்பட்டது கிடைத்தது.

கிளம்பும்போது பெனிஷா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்கி நீங்க என் மேசையப் பாத்தீங்கல்லக்கா? ஏதும் தப்புன்னா அக்கா சத்தம் போடுவாங்கன்னு நெனச்சுதான் அமுக்கச் சொன்னேன்.”

குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

22 அக்டோபர்

சொல்லிவிட்டேன். முதலில் பெனிஷாவிடம். ஏன்க்கா என்றாள். பொறாமை என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு டென்னிஸிடம். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் எத்திராஜ் அண்ணன் வீடு. டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, தண்ணி குட்ச்சிட்டுப் போம்மா என்றார். குடித்தேன். அவர் மறுபடி டிவியைப் போட்டுக்கொண்டார்.

25 அக்டோபர்

எண்ணூருக்குப் போகிறது பெனிஷா. திரும்பி வரச்சொல்லி டென்னிஸ் அவள் அப்பா மண்டிக்கே போய்க் கேட்டானாம்.

9 நவம்பர், ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் ஸ்டாப் வரை யோசித்தேன். போனேன். டென்னிஸ் மேசை எதுவும் கொடுக்கவில்லை. வாசலில் பெயர் எழுதுகிற வேலை.

பதினோரு மணிக்கு, வாசலை ஒட்டிய பெனிஷா மேசையில் ஒரு புது அம்மா. காப்பி முடிந்ததும் டிஸ்கைப் பிடுங்கி டிராயரில் வைத்தாள். அமுக்கச் சொல்வதற்கு முன்னால், இன்னொரு கண் பார்க்கட்டும் என்று தலையைத் தூக்கினாள். நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்தும்விட்டேன்.

“பட்டம்மா, ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

பக்கத்து மேசையில் உதவிக்கு இருந்த பட்டம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, திரையில் இருந்ததை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நான் உட்கார்ந்து, வரிசையில் அடுத்தவரிடம் பெயர் கேட்டேன்.